வியன்னாவிலிருந்து தப்பும் யூதச் சிறுமி: பள்ளி நாடகத்துக்கு விவரம் சரிபார்க்க வேண்டும்

பாளை_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 25 நிமிட நாடகம் போடுகிறார்கள். சமூக அறிவியல் பாடத்தில் இரண்டாம் உலகப் போர் வருகிறதே, அதிலிருந்து எடுத்த கரு. ரூத் என்று 11 வயது யூதச் சிறுமி, கற்பனைப் பாத்திரம். வியன்னாவில் அப்பா, அம்மா, ஐந்து வயதுத் தம்பியோடு இருக்கிறாள். 1938 நவம்பரில் அப்பாவைப் பிடித்துப் போகிறார்கள். அம்மா அவளைக் குழந்தைகள் ரயிலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்புகிறாள். லண்டன் ஸ்டேஷனில் ஒரு குடும்பம் அவளைக் கட்டி அணைக்கிறது, திரை விழுகிறது.

இப்போது எழுதி வைத்திருப்பது: அம்மா கோட்டில் மஞ்சள் நட்சத்திரம் தைக்கிறாள். பிறகு ஸ்டேஷனில் டிக்கெட் வாங்குகிறாள். அகதிக் குழந்தைகளைக் காப்பாற்றிய ஆங்கிலேயர் நிக்கோலஸ் விண்டன் வந்து பெயர் வாசிக்கிறார். ரயில் நேரே லண்டன் போய்ச் சேருகிறது. இதில் எது சரி, எது தப்பு? ஒரு குழந்தை கிளம்ப என்னென்ன காகிதம் வேண்டியிருந்தது, எதைக் கொண்டுபோக விட்டார்கள்? பிள்ளைகள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று: "அம்மாவும் கூடவே போயிருக்கலாமே?" அதற்கு மேடையிலேயே பதில் வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

தாமிரபரணிக்கரை:

டீச்சர், முதலில் ரூத் எந்த மாதம் கிளம்புகிறாள் என்று முடிவு செய்துவிடுங்கள். காகிதம், உடை, போய் இறங்கும் இடம் எல்லாம் அதைப் பொறுத்து மாறும்.

1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனியிலும், அப்போது அதன் பிடியில் இருந்த ஆஸ்திரியாவிலும் நாஜிகள் யூதர்களின் ஜெபக்கூடங்களை எரித்தார்கள், கடைகளை நொறுக்கினார்கள். ஏறக்குறைய 30 ஆயிரம் ஆண்களைப் பிடித்து டாஹவ், புஹன்வால்ட், ஸாக்ஸன்ஹவுஸன் வதை முகாம்களில் அடைத்தார்கள். வியன்னாக்காரர் என்றால் டாஹவ் என்று எழுதுங்கள். அப்போது அங்கே அடைத்ததன் நோக்கம் மிரட்டி நாட்டை விட்டு ஓட வைப்பது. உடனே வெளிநாடு போய்விடுவேன் என்று விசாவோ கப்பல் சீட்டோ காட்டினால் விடுவித்தார்கள். அதனால் அம்மாக்கள் தூதரகம் தூதரகமாக வரிசையில் நின்றார்கள். இது நல்ல காட்சி, விட்டுவிடாதீர்கள்.

நவம்பர் 15-ல் பிரிட்டிஷ் யூதத் தலைவர்கள் பிரதமர் சேம்பர்லினைப் பார்த்தார்கள். 21-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் விவாதம். உள்துறை அமைச்சர் சாமுவேல் ஹோர் குழந்தைகளை விட ஒத்துக்கொண்டார். நிபந்தனைகள்: 17 வயதுக்குள் இருக்க வேண்டும், பெற்றோர் கூட வரக்கூடாது, அரசுப் பணத்தில் ஒரு காசு செலவாகக் கூடாது, தங்குவது தற்காலிகம்தான், பிறகு வேறு நாட்டுக்குப் போய்விட வேண்டும். பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் இதுதான். பெரியவர்கள் வந்தால் வேலைக்குப் போட்டி வரும் என்ற எதிர்ப்பு அங்கே பலமாக இருந்தது. குழந்தை வேலைக்குப் போட்டியில்லை. பெண்களுக்கு இருந்த முக்கிய வழி வீட்டு வேலைக்காரி என்ற அனுமதிதான். அப்படி ஏறக்குறைய 20 ஆயிரம் பேர் வந்தார்கள், அதில் சில குழந்தைகளின் அம்மாக்களும் உண்டு. ஐந்து வயதுக் குழந்தையைக் கையில் வைத்திருப்பவளுக்கு அந்த வேலை கிடைப்பது மிகவும் கடினம். உங்கள் கதையில் அம்மா ஏன் போகவில்லை என்பதற்கு இதையே காரணமாக வைக்கலாம்.

மனு போடும் முறை: வியன்னாவில் யூத சமூக அமைப்பின் அலுவலகத்தில் படிவம் வாங்க வேண்டும். (யூதப் பின்னணி இருந்து யூத மதத்தில் இல்லாத குழந்தைகளுக்கு க்வேக்கர் கிறிஸ்தவர்கள் பார்த்தார்கள்.) படிவம், புகைப்படம், மருத்துவச் சான்று சேர்த்துக் கொடுத்தால் அது லண்டனுக்குப் போகும். அங்கே அகதிக் குழந்தைகள் இயக்கம் தேர்ந்தெடுக்கும். அப்பா முகாமில் இருப்பவர்கள், அநாதைகள், கைதாகக்கூடிய வளர்ந்த பையன்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. உடல் ஊனமோ நீண்ட நோயோ இருந்தால் பெரும்பாலும் தள்ளிவிட்டார்கள். தேர்வானால் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், படம் உள்ள ஒரு அட்டை லண்டனிலிருந்து வரும். அந்த அட்டைதான் விசாவுக்குப் பதில். டிக்கெட் கவுண்டரில் அம்மா நிற்கும் காட்சியை எடுத்துவிடுங்கள், குழுவாகத்தான் அனுப்பினார்கள்.

1939 மார்ச்சுக்குப் பிறகு கிளம்புகிறாள் என்றால் ஒரு குழந்தைக்கு 50 பவுண்டு உத்தரவாதம் கட்ட வேண்டும், பின்னாளில் அவளை வேறு நாட்டுக்கு அனுப்பும் செலவுக்காக. அன்றைக்கு ஒரு ஆங்கிலேயத் தொழிலாளியின் மூன்று மாதக் கூலிக்கு மேல் வரும் தொகை அது. ரூத்துக்கு ஒரு குடும்பம் கட்டியது, தம்பிக்குக் கட்ட ஆளில்லை என்று வைத்தால் தம்பி ஏன் பின்தங்கினான் என்பது சொல்லாமலே விளங்கும். அண்ணன் தம்பியானாலும் ஆளுக்கொரு மனுதான், ஆளுக்கொரு உத்தரவாதம்தான்.

பயணம்: வியன்னா மேற்கு ரயில் நிலையம், அங்கிருந்து ஜெர்மனி முழுக்கக் குறுக்கே கடந்து டச்சு எல்லை, பிறகு ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகம். இரவுக் கப்பல். விடியற்காலை இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகம். அங்கிருந்து மறுபடி ரயில், லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். கடலுக்கடியில் ரயில் பாதை அப்போது இல்லை. கப்பல் இல்லாமல் இந்தக் கதை கிடையாது.

முதல் ரயில் பெர்லினிலிருந்து 1938 டிசம்பர் 1-ல் கிளம்பி, டிசம்பர் 2-ல் ஏறக்குறைய 200 குழந்தைகள் ஹாரிச்சில் இறங்கினார்கள். வியன்னாவின் முதல் ரயில் டிசம்பர் 10. ட்ரூஸ் வைஸ்முல்லர் என்ற டச்சுப் பெண்மணி வியன்னாவில் யூதர்களை வெளியேற்றும் பொறுப்பில் இருந்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மனிடம் நேரே போய் நின்றார். 600 குழந்தைகளைச் சனிக்கிழமைக்குள் திரட்டினால் விடுகிறேன் என்றான் அவன். சனிக்கிழமை யூதர்களுக்குப் பயணம் விலக்கப்பட்ட ஓய்வு நாள். முடியாது என்று நினைத்தே வைத்த கெடு. திரட்டிவிட்டார்கள். வியன்னா ஸ்டேஷனில் ஒரு வெளிநாட்டுப் பாத்திரம் வேண்டும் என்றால் விண்டனை எடுத்துவிட்டு இந்த அம்மாளை வையுங்கள்.

ஆவணப்பிரியன்:

அண்ணாச்சி விரிவாகச் சொல்லிவிட்டார். திருத்த வேண்டியவற்றை மட்டும் நான் எழுதுகிறேன்.

மஞ்சள் நட்சத்திரம்: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கட்டாயமானது 1941 செப்டம்பரில். 1938, 39-ல் வியன்னாவில் யாரும் அணியவில்லை. பள்ளி நாடகங்களில் மிக அதிகமாக வரும் தப்பு இதுதான். நட்சத்திரத்தின் இடத்தில் காகிதத்தைக் காட்டுங்கள். 1938 அக்டோபரிலிருந்து யூதர்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பு மையில் பெரிய 'ஜே' எழுத்து (யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து) குத்தினார்கள். 1939 ஜனவரியிலிருந்து ரூத் போன்ற யூதப் பெண்களின் பெயரோடு 'சாரா', ஆண்களின் பெயரோடு 'இஸ்ரேல்' சேர்த்தே எழுத வேண்டும். அதிகாரி "ரூத் சாரா" என்று கூப்பிட, தம்பி "அக்கா பேர் சாரா இல்லையே" என்று சொல்லட்டும். ஒரு வரி போதும்.

விண்டன்: அவருடைய வேலை முழுக்கச் செக்கோஸ்லோவாக்கியா சார்ந்தது. பிராக் நகரிலிருந்து 669 குழந்தைகள். பிராகில் களத்தில் நின்றவர்கள் டோரீன் வாரினர், ட்ரெவர் சாட்விக் போன்றவர்கள். விண்டன் லண்டனில் இருந்து வீடு தேடுவதையும் அனுமதி வாங்குவதையும் பார்த்தார். ஸ்டேஷனில் பெயர் வாசித்தவர் அவரல்ல.

கையில் பச்சை குத்திய எண், விஷவாயு: போருக்கு முன் எதுவும் கிடையாது. எண் குத்தியது ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும், அதுவும் போர்க்காலத்தில். அப்பாவைக் கோடு போட்ட உடையில் காட்ட வேண்டும் என்றால் டாஹவில் இருக்கும்போது மட்டும். விடுதலையாகி வருபவரைத் தலை மொட்டையாக, சொந்த உடையில் காட்டுங்கள். அங்கே என்ன நடந்தது என்று வெளியே வாய் திறக்கக் கூடாது என மிரட்டித்தான் விட்டார்கள், அதனால் அவர் வீட்டில் எதுவும் பேசமாட்டார்.

ஸ்டேஷனில் கையசைத்து அழுவது: பல இடங்களில் பெற்றோரைப் பிளாட்பாரத்துக்கே விடவில்லை, காத்திருப்புக் கூடத்திலேயே பிரித்தார்கள். கூட்டம், அழுகை வெளியே தெரியக்கூடாது என்பது அதிகாரிகளின் கவனம். அம்மா கூடத்திலேயே நின்றுவிட, ரயில் சத்தம் மட்டும் கேட்டால் அது நடந்ததற்கு நெருக்கம்.

கூட வந்த பெரியவர்கள்: சில பொறுப்பாளர்கள் குழந்தைகளோடு பயணம் செய்தார்கள். இங்கிலாந்தில் ஒப்படைத்துவிட்டு அவர்கள் ஜெர்மனிக்குத் திரும்பியே ஆகவேண்டும். ஒருவர் தங்கிவிட்டாலும் அடுத்த ரயில் ரத்து. தங்கியிருக்கலாம் என்று தெரிந்தும் திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கு இரண்டு வசனம் கொடுங்கள், டீச்சர். இந்தக் கதையில் யாரும் கவனிக்காத ஆட்கள் அவர்கள்.

பாளை_டீச்சர்:

நன்றி அண்ணாச்சி, நன்றி ஐயா. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி 1939 ஜூன் என்று வைத்துக்கொண்டோம். தம்பிக்கு உத்தரவாதம் கட்ட ஆளில்லை என்பதையும் எடுத்துக்கொள்கிறோம். இனி லண்டனுக்குப் பிறகு என்ன? அணைத்துக்கொள்வதோடு முடிப்பது எனக்கே இப்போது சரியாகப் படவில்லை. பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

தாமிரபரணிக்கரை:

பத்து நிமிடம் ஒதுக்குவது நல்லது. ரயில் பயணம் இரண்டு நாள், பிறகு வந்தது ஆறு வருடம்.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் குழந்தைகளை ஒரு கூடத்தில் உட்கார வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். கூட்டிப்போகிறவர் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போவார். ரூத்துக்கு ஆங்கிலம் தெரியாது, அவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. கட்டி அணைப்பதைவிட இரண்டு பக்கமும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதே பொருத்தம். (நீங்கள் 1938 டிசம்பரை எடுத்திருந்தால் ஹாரிச் பக்கத்தில் டோவர்கோர்ட் கோடை விடுமுறை முகாமில் இறக்கியிருக்க வேண்டும். வீடு ஏற்பாடாகாத பிள்ளைகளைக் குளிர் தாங்காத அந்தக் குடில்களில் வைத்திருந்தார்கள். வார இறுதியில் ஆட்கள் வந்து பார்த்துப் பிடித்த பிள்ளையைக் கூட்டிப் போனார்கள். சின்னப் பெண் பிள்ளைகள் சீக்கிரம் போனார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பையன்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.)

வீடுகள் பலவிதம். பெற்ற பிள்ளையாக வளர்த்தவர்கள் உண்டு. சம்பளமில்லாத வேலைக்காரியாக நடத்தியவர்களும் உண்டு. யூத வீடுகள் போதாமல் பலரைக் கிறிஸ்தவ வீடுகளில் விட்டார்கள். பண்டிகை, உணவு விலக்கு எல்லாம் மறந்துபோயின, சிலர் ஞானஸ்நானமும் பெற்றார்கள். யூத மதகுருமார்கள் இதை எதிர்த்துக் கடுமையாக வாதாடினார்கள். சாப்பாட்டு மேசையில் பன்றிக்கறித் தட்டு முன்னால் ரூத் விழிப்பது ஒரு நிமிடக் காட்சி. நம் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது.

1939 செப்டம்பர் 1: லண்டன் பள்ளிப் பிள்ளைகளைக் குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கிய நாள். மூன்று மாதத்தில் ரூத் இரண்டாவது தடவையாகப் பெட்டியைத் தூக்குகிறாள், ரயிலில் வந்தபோது மாட்டியது போலவே மறுபடி கழுத்தில் அட்டை, தோளில் வாயு முகமூடிப் பெட்டி. இதை மேடையில் காட்டுங்கள். அதே நாளில் பிராகிலிருந்து 250 குழந்தைகளோடு கிளம்ப இருந்த ரயில் போரால் கிளம்பவே இல்லை.

கடிதங்கள்: போர் தொடங்கியதும் நேரடித் தபால் நின்றது. பெரும்பாலோருக்குச் செஞ்சிலுவைச் சங்கப் படிவமே வழி. 25 சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது, குடும்பச் செய்தி மட்டும், தணிக்கை உண்டு, ஜெனீவா வழியாகப் போகும், பதில் அதே தாளின் பின்பக்கத்தில் மாதக்கணக்கில் கழித்து வரும். பிள்ளைகளையே 25 சொல்லில் எழுதச் சொல்லுங்கள். இப்படி: "அன்பு ரூத், எல்லோரும் நலம். தம்பி எழுதப் படிக்கிறான். நன்றாகச் சாப்பிடு. அந்த வீட்டார் சொல்வதைக் கேள். சீக்கிரம் எழுது. முத்தங்கள். அம்மா." கடைசியாக வந்த பல செய்திகளில் 'பயணம் போகிறோம்' என்ற மாதிரி ஒரு வரி இருந்தது. வியன்னாவிலிருந்து பெருங்கூட்டமாக நாடு கடத்தியது 1941 பிப்ரவரியிலும் பிறகு அக்டோபர் முதலும். ரூத் கிளம்பிய மேற்கு நிலையத்திலிருந்து அல்ல, அஸ்பாங் நிலையத்திலிருந்து. வூட்ஜ், ரீகா, மின்ஸ்க், தெரேசியன்ஷ்டாட் என்று போயின அந்த ரயில்கள். ஆஸ்திரிய யூதர்களில் 65 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

ரூத் வயதுக்குச் சிறைவாசம் வராது. ஆனால் ரயிலில் அவளோடு வந்த 16 வயதுப் பையனுக்கு வரும். 1940 கோடையில் 'எதிரி நாட்டவர்' என்று ஏறக்குறைய ஆயிரம் அகதிப் பிள்ளைகளைப் பிரிட்டனே பிடித்து அடைத்தது. சிலரை 'ஐல் ஆஃப் மான்' என்ற பிரிட்டிஷ் தீவில் வைத்தார்கள், சிலரைக் கனடாவுக்கும், டுனேரா என்ற கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். வெளியே வந்தபின் பலர் அதே பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார்கள். பெயரையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஜெர்மானியர் கையில் சிக்கினால் யூதன் என்று தெரியாமலிருக்க. பெர்லின் முதல் ரயிலில் வந்த லோத்தர் பாரூக் அப்படித்தான் லெஸ்லி ப்ரெண்ட் ஆனார். ரீகாவில் அவருடைய பெற்றோரும் அக்காவும் கொல்லப்பட்டார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடாவரோடு சேர்ந்து, ஒரு உடல் மற்றொன்றின் திசுவை எப்போது ஏற்கும் என்று 1953-ல் காட்டியவர்களில் ஒருவர். உறுப்பு மாற்று சிகிச்சைக்கு அடிப்படையான ஆய்வு அது.

ரூத்தின் படிப்பு: அங்கே அப்போது கட்டாயப் படிப்பு 14 வயது வரை. அதற்குமேல் படிக்க வைக்க யாராவது பணம் கட்ட வேண்டும். பெண் பிள்ளைகளில் பலர் நர்ஸ் பயிற்சிக்கும் தையலுக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். 1944-ல் ஒரு சட்டம் வந்து, பெற்றோர் பக்கத்தில் இல்லாத இந்தப் பிள்ளைகளுக்கு அகதிக் குழந்தைகள் இயக்கத்தின் தலைவர் கொரெல் பிரபு சட்டப்படியான காப்பாளர் ஆனார். 1945-ல் முகாம்களில் உயிர் பிழைத்தவர் பட்டியல்கள் வரத் தொடங்கின. சுவரில் ஒட்டிய பட்டியலை ரூத் விரலால் தடவிப் பார்ப்பதுதான் உங்கள் கடைசிக் காட்சியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்போது அவளுக்கு 17. பெற்றோர் உயிரோடு வந்த வீடுகளிலும் சிக்கல் இருந்தது: சிறு வயதில் வந்த குழந்தைக்கு ஜெர்மன் மறந்துபோயிருக்கும், அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

தெருக்கூத்து_வள்ளியூர்:

டீச்சர், மேடைச் சாமான் பத்தி மட்டும் நான் சொல்லுதேன்.

டிரங்க் பெட்டி வேண்டாம். குழந்தை தானே தூக்குற அளவு சின்ன சூட்கேஸ், ஆளுக்கு ஒண்ணு, அவ்வளவுதான் விட்டாங்க. பழைய தோல் பெட்டி கிடைக்கலேன்னா கனமான அட்டைப் பெட்டிக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டி, மூலைக்கு ரெக்சின் துண்டு வச்சு, பெல்ட் கட்டிருங்க. சக்கரம், ஜிப் எதுவும் கண்ணுல படக்கூடாது. கழுத்து அட்டை உள்ளங்கை அளவு, கெட்டி அட்டையில கறுப்பு மையில எண் மட்டும் பெருசா, சணல் கயிறு. அதே எண் பெட்டியிலயும் இருக்கணும். பெட்டியும் பிள்ளையும் பிரிஞ்சிரக்கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. பிளாஸ்டிக் உறையில போட்டா ஐ.டி. கார்டு மாதிரி ஆயிரும்.

பணம் பத்து ரைஷ்மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) மட்டும். நகை, கேமரா, வெள்ளிச் சாமான் எல்லாம் தடை. எல்லையில எஸ்.எஸ். (நாஜிப் படை) ஆட்கள் ஏறிப் பெட்டியைக் கொட்டிப் பாத்தாங்க. அந்தக் காட்சியில பெட்டியிலிருந்து விழுற சாமானை முன்னாலயே ஒத்திகை பாத்துக்கிடுங்க: ரெண்டு கவுன், உள்ளாடை, துண்டு, குடும்பப் படம் ஒண்ணு. அதிகமா வச்சா மேடையில பொறுக்கவே நேரம் போயிரும். டச்சு எல்லை தாண்டினதும் பெண்கள் ஜன்னல் வழியா சூடான கோகோவும் வெள்ளை ரொட்டியும் கொடுத்தாங்க. பயமெல்லாம் ஓஞ்சு பிள்ளைக கத்திச் சிரிக்குற ஒரே இடம் அதுதான், வெளிச்சத்தை அங்க கூட்டுங்க.

ஜூன் மாசம்னாலும் கோட்டு வேணும். பெட்டியில இடம் பத்தாதுன்னு ஒண்ணுக்கு மேல ஒண்ணாப் போட்டு அனுப்புவாங்க. ஆனா நம்ம ஊர் மேடை விளக்குச் சூட்டுல நெசக் கம்பளிய மாட்டினா பிள்ளை மயங்கி விழுந்திரும். கனமான பருத்தித் துணியில அடர் நிறமாத் தச்சுருங்க, தூரத்துல வித்தியாசம் தெரியாது.

கடையம்_மாணவன்:

ஒரு சந்தேகம். குஜராத்தில் ஜாம்நகர் மகாராஜா அகதிக் குழந்தைகளுக்கு இடம் கொடுத்தாரே, அதையும் இந்த நாடகத்தில் சேர்க்கலாமா?

ஆவணப்பிரியன்:

தம்பி, அது வேறு வரலாறு. ஜாம்சாகிப் திக்விஜய்சிங்ஜி 1942-ல் பாலாசடியில் இடம் கொடுத்தது சோவியத் நாட்டிலிருந்து வந்த போலந்துக் குழந்தைகளுக்கு. அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், யூதர் சிலரே. பெரிய காரியம்தான், தனி நாடகமாகப் போடலாம். இதில் கலந்தால் இரண்டும் குழம்பும்.

டீச்சருக்கு, கதைசொல்லி சொல்லவேண்டிய எண்ணிக்கை: மொத்தம் வந்தவர்கள் ஏறக்குறைய 10 ஆயிரம் குழந்தைகள், அவர்களில் சுமார் 7,500 பேர் யூதர்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் 20 ஆயிரம் குழந்தைகளை அனுமதிக்கக் கொண்டுவந்த மசோதா 1939-ல் நிறைவேறாமல் போனது. ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதக் குழந்தைகள் ஏறக்குறைய 15 லட்சம். 10 ஆயிரம், 20 ஆயிரம், 15 லட்சம் என்ற மூன்று எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். 10 ஆயிரத்தை மட்டும் சொன்னால் எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள் என்ற நினைப்போடு சபை எழுந்து போகும்.

இன்னொன்று. நம் பக்கம் பல பள்ளிகளில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைகள் படிக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் இருந்தால், அவர்களாக விரும்பிக் கேட்டால் ஒழிய ரூத் வேடத்தையோ பெற்றோர் வேடத்தையோ கொடுக்காதீர்கள். நடிப்பில் அழுகை வருவதற்காக வீட்டுக் கதையைச் சொல்லச் சொல்வதும் வேண்டாம். பெட்டி சோதனைக் காட்சியை எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே வாசித்துக் காட்டி, சங்கடப்படுகிறவர்களுக்கு ஒலி, விளக்கு, திரை வேலையை மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.